மருத்துவிச்சி முதல் குடும்பநல உத்தியோகத்தர் வரை: கொழும்புத் தமிழ்க் குடியிருப்புகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்ற பெண்ணைத் தமிழ் வழக்கு மருத்துவிச்சி என்றது. இலங்கை அரசாங்க ஆவணங்கள் அவளை மருத்துவமாது என்றன. பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் என்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தாய்மாரோ இம்மூன்றையும் விடுத்து 'மிஸ்ஸி' என்று அழைக்கின்றனர். சாதிக் கடமையாக இருந்த ஓர் ஊழியம் சம்பள உழைப்பாகவும் அரச சேவையாகவும் மாறிய வரலாறு இந்நான்கு பெயர்களிடையே கிடக்கின்றது. இலக்கிய மாணவராகிய நாம் இத்துறைக்குள் புகுவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். சமூக உறவுகள் சொற்களில் எவ்வாறு படிகின்றன என்பதை ஆராய்வது எமது தொழில். அன்றியும், சுகாதாரப் புள்ளிவிபரங்களைத் தொகுப்போர் பெரும்பாலும் கவனியாது விடும் ஒரு பகுதி, வீட்டு வாசலில் நிகழும் பேச்சு, மொழி பயில்வோரின் கவனத்துக்கே உரியது.

மருத்துவிச்சியின் ஊழியம் நிலமானிய உறவுகளோடு பிணைந்தது. தமிழகத்தில் நாவிதர் குலப் பெண்டிரே இப்பணியைச் செய்தனர். அக்குலத்தார் தம்மை மருத்துவர் எனக் கூறிக்கொள்வதை இதனோடு வைத்து நோக்கலாம். யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிலும் பிறப்பு, பூப்பு, இறப்பு என்பவற்றோடு தொடர்புடைய கடமைகள் குறித்த சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. துடக்கு என்னும் தீட்டின் எல்லைக்குள் புக உயர்சாதியார் கூசினர்; அவ்வெல்லைக்குள் புகுந்து குழந்தையைக் கையில் ஏந்தியவளோ அக்காரணத்தாலேயே தாழ்வாக எண்ணப்பட்டாள். தானியமும் துணியும் அவளுக்குக் கூலி. அவளது அறிவு ஏட்டில் ஏறவில்லை. அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்க முனைந்தபோது அவற்றுள் பிரசவ வைத்திய நூலும் இடம்பெற்றது. தமிழ் உரைநடை வரலாற்றில் அது ஒரு பேறு. எனினும் அவரிடம் பயின்றோர் ஆண் மாணாக்கர்; மருத்துவிச்சியின் கைக்கு அந்நூல் எட்டவில்லை. கையறிவு ஓரிடத்தும் நூலறிவு வேறோரிடத்துமாகப் பிரிந்து நின்றன.

இப்பிரிவை நிருவாக வழியில் இணைக்க முற்பட்டது குடியேற்ற அரசு. கொழும்பில் 1879இல் தோற்றுவிக்கப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை, பயிற்றப்பட்ட மருத்துவமாது என்னும் புதியவகைத் தொழிலாளி உருவாக வழி திறந்தது. 1926இல் களுத்துறையில் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராது, ஒரு குறித்த நிலப்பரப்பில் வாழும் மக்கள் அனைவரையும் பொறுப்பேற்பதே இம்முறையின் சாரம். சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின் கீழ்ப் பரிசோதகரும் மருத்துவமாதரும் வீடுதேடிச் சென்றனர். றொக்பெல்லர் மன்றத்தின் தரும சிந்தையை நாம் அளவுக்கு மிஞ்சிப் பாராட்ட வேண்டியதில்லை. 1916இல் அம்மன்றம் இத்தீவில் தன் பணியைத் தொடங்கியது கொக்கிப்புழு நோயை ஒழிக்கும் பொருட்டாகும். பெருந்தோட்டங்கள் அதன் முதன்மையான களமாயிருந்தன. நோயுற்ற கூலியாளிடம் குறைந்த உழைப்பே கிடைக்கும் என்ற கணக்கு எவருக்கும் விளங்கக்கூடியதே. ஆயினும் மூலதனத்தின் தேவையையொட்டிப் பிறந்த இம்முறை நாளடைவில் மக்களின் உரிமையாயிற்று. அஃது எவ்வாறு நிகழ்ந்தது?

விடையின் ஒரு பகுதி வெள்ளவத்தையில் உள்ளது. இன்று புடைவைக் கடைகளும் சைவ உணவகங்களும் தொடர்மாடிகளுமாகக் காட்சியளிக்கும் அப்பகுதி ஒருகாலத்தில் ஆலைத் தொழிலாளரின் ஊராகவும் இருந்தது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர் தலைமை தாங்கினர். அடுத்த ஆண்டின் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. எஸ். ஏ. விக்கிரமசிங்க, டொறீன் விக்கிரமசிங்க, பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா ஆகியோரும் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த அவர்தம் தோழரும் மருந்தும் உணவுமாகக் கிராமங்களுக்குச் சென்றனர். கொயினாவோடு பருப்பையும் பகிர்ந்தமையால் என். எம். பெரேராவைக் கிராமத்தவர் 'பருப்பு மாத்தையா' என்று அழைத்தனர். பரிகாசம் போலத் தோன்றும் இப்பெயரில் ஒரு மருத்துவ உண்மை உண்டு. பட்டினிக்குக் கொயினா மருந்தாகாது என்பதை அவ்விளைஞர் நேரிற் கண்டனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்துவிட்ட நாட்டில் வைத்தியசாலையும் மருத்துவமாதும் தேர்தல் மேடையில் உரிமையோடு கேட்கப்படும் பொருள்களாயின.

1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் இத்தொகை ஏறத்தாழக் கால்பங்காகியது. 2010களில் நாற்பதுக்குக் கீழே நின்றது. இம்மாற்றம் முழுவதையும் மருத்துவமாதின் கணக்கில் எழுதுவது மிகை. மலேரியா ஒழிப்பு, அரிசிப் பங்கீடு, 1945இல் வந்த இலவசக் கல்வி, 1951 முதல் கட்டணமின்றிக் கிடைத்த வைத்தியசாலை ஆகியன அனைத்தும் சேர்ந்தே அதனைச் சாதித்தன. ஆனால் அரசின் கொள்கை என்பது ஒரு குறித்த ஒழுங்கையில் ஒரு குறித்த அறையில் இருக்கும் ஒரு பெண்ணை எவ்வாறு அடைகின்றது என்று கேட்டால், அதற்கு விடை மருத்துவமாதே.

அவளது பணியின் இயக்கத்தைச் சற்று நெருங்கி நோக்குவோம். 18 மாதப் பயிற்சியின் பின் அவளுக்கு ஒரு பகுதி ஒப்படைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒருவர் என்பது நியமம். நெருங்கிய நகர்ப்புறத்தில் இந்நியமம் எளிதில் மீறப்படும். கொழும்பில் மாநகர சபைக்கெனத் தனியே ஒரு பொதுச் சுகாதாரத் திணைக்களம் இருத்தலின் நகரத்து மருத்துவமாதர் அதன்கீழ் இயங்குகின்றனர். அவளது முதற் கருவி தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்ணையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் உடைய குடும்பங்கள் அதில் இடம்பெறும். கருவுற்ற பெண்ணை எட்டு வாரங்களுக்குள் பதிவது, கிளினிக்குக்கு அழைப்பது, வராதவளைத் தேடி வீட்டுக்குப் போவது, பிள்ளை பிறந்தபின் முதற் பத்து நாட்களுள் இருமுறை சென்று பார்ப்பது, பின்னர் மாதந்தோறும் பிள்ளையின் நிறையை நிறுத்துக் கோடிட்ட தாளில் புள்ளியிடுவது, தடுப்பூசிக்கு நாள் குறிப்பது என வேலை தொடர்கின்றது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. ஆகவே பிள்ளையை ஏந்திய கையின் வேலை குறைந்து, எழுதும் கையின் வேலை பெருகிவிட்டது. தாயிடமும் ஒரு பதிவேடு இருக்கும். மக்கள் அதைக் 'கிளினிக் கொப்பி' என்பர். வெள்ளத்தின்போது வீட்டை விட்டு ஓடும் தாய் அடையாள அட்டையோடு சேர்த்து எடுத்துச்செல்வது இக்கொப்பியை.

குடும்பநலம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 1960களின் நடுப்பகுதியில் குடும்பக் கட்டுப்பாடு அரச கொள்கையாகிய பின்னரே குடும்பம் என்ற சொல் இவ்வுத்தியோகப் பெயருக்குள் வந்து சேர்ந்தது. தாயைப் பேணுதல் என்ற நோக்கோடு பிறப்பைக் குறைத்தல் என்ற நோக்கும் ஒரே பையில் வைக்கப்பட்டது. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 1980களில் பணம் ஊக்கத்தொகையாக வழங்கப்பட்டபோது மலையகத் தோட்டங்களில் ஐயமும் அச்சமும் எழுந்தன. வறியவளுக்குப் பணம் நீட்டிப் பெறும் சம்மதம் எத்தன்மைத்து என்ற வினா அன்று போலவே இன்றும் பொருத்தமானது.

மலையகத்தைக் குறிப்பிட்டது காரணத்தோடு. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் ஆகிய வடகொழும்புப் பகுதிகளில் சிங்களத்தில் 'வத்த' எனப்படும் நெருக்கக் குடியிருப்பைத் தமிழர் தோட்டம் என்கின்றனர். தேயிலைத் தோட்டத்துக்கும் அதே சொல். லயத்து அறையிலிருந்து கடைச் சிப்பந்தியாகவும் வீட்டு வேலைக்காரியாகவும் கொழும்புக்கு வந்து, இங்கே மணமுடித்துக் குடியேறும் பெண் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கே இடம்பெயர்கின்றாள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் தேர்தல் மேடையில் மருத்துவமாதைக் கேட்கும் ஆற்றலை இழந்தனர். கிராமங்களை நிறைத்த அரச சுகாதார வலை நெடுங்காலம் பெருந்தோட்ட எல்லையில் நின்றுவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தோட்ட முகாமையின் வைத்திய ஒழுங்கே இருந்தது. எனவே, மிஸ்ஸியிடம் உரிமையோடு கேட்கும் பழக்கம் தென்னிலங்கைக் கிராமத்துத் தாய்க்கு மூன்று தலைமுறைப் பழக்கமாயின், மலையகத்திலிருந்து வந்த தாய்க்கு அது புதிது.

தோட்டத்து வீடு பெரும்பாலும் ஓர் அறை. குழாயும் மலசலகூடமும் பல குடும்பங்களுக்குப் பொது. துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் அன்றாடக் கூலியே பல அடுப்புகளை எரிக்கின்றது. இத்தகைய வீட்டில் மருத்துவமாது தனிநபரைக் காண முடியாது. கருவுற்றவளோடு பேசும்போது மாமியார் அருகில் இருப்பார். கணவன் இரவு வேலை முடித்துத் தடுப்புக்கு அப்பால் உறங்குவான். அடிபட்ட தழும்பைப் பற்றி அங்கே கேட்க இயலாது. அனுபவமுள்ள மிஸ்ஸி அதனைக் கிளினிக்கில் நிறை நிறுக்கும் பொழுதில் தாழ்ந்த குரலில் கேட்பாள். தேவையாயின் வைத்தியசாலையிலுள்ள நட்பு நிலையத்துக்கு அனுப்புவாள். எதை எங்கே கேட்பது என்ற இந்நுண்ணறிவு எந்தப் பாடத்திட்டத்தையும்விட மருத்துவிச்சி மரபுக்கு நெருக்கமானது என்பது எமது எண்ணம்.

திரிபோஷப் பொதியை எடுத்துக்கொள்வோம். சோளமும் சோயாவும் கலந்த இச்சத்துமா 1973இல் அறிமுகமாயிற்று. கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரிய 750 கிராம் பொதி, வீட்டுக்குப் போனதும் எல்லாப் பிள்ளைகளின் கிண்ணத்திலும் பகிரப்படுகின்றது. தாய் அறியாமையால் இவ்வாறு செய்கிறாள் என்று கூறும் சுகாதாரக் கட்டுரைகள் உள. அறியாமை அன்று, நான்கு பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் ஊட்டிவிட்டு மூவரைப் பார்த்திருக்கச் செய்யும் தாய் எந்த வர்க்கத்திலும் இலள். மருத்துவமாதின் தாள் ஓர் உடலை அளக்கின்றது. பசியோ வீடு முழுவதுக்கும் உரியது. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்றபோது திரிபோஷ விநியோகமும் தடைப்பட்டது. வெறுங்கையோடு வீடுகளுக்குச் சென்று நிறையை மட்டும் எழுதிவரும் கடமை மருத்துவமாதின் பங்காயிற்று. பருப்பு மாத்தையாவின் பாடம் மறுபடியும் படிக்கப்பட்டது.

வெள்ளவத்தையின் நிலை வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் யுத்த காலத்தில் வடகிழக்கிலிருந்து வந்தோர் குடியேறினர். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோர் லொட்ஜ்களில் தங்கினர். வீடுகள் தொடர்மாடிகளாயின. முன்னர் கூறிய ஆலை இருந்த நிலத்தில் இன்று எழுந்து நிற்பது ஹவ்லொக் சிற்றி என்னும் உயர்மாடித் தொகுதி. இத்தகைய இடங்களில் மருத்துவமாதுக்கு முன்னே நிற்பது வாயிற் காவலாளி. உள்ளே வசதியுள்ளோர் தனியார் வைத்தியரிடம் செல்வர் என்பது உண்மையே. ஆயின் அவ்வீட்டின் சமையலறையில் வேலைசெய்யும் பெண்ணும் அதே வாயிலுக்கு உட்புறத்தில்தான் இருக்கின்றாள். இன்னொரு கூட்டத்தினரும் அங்கு உளர். பிள்ளைகள் யாவரும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கத் தனியே வாழும் முதியோர் அவர்கள். தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேட்டில் அவர்களுக்குப் பக்கம் இல்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பின்னாளில் சுகவாழ்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே செல்வது அவரவர் பொறுப்பு. வீடுதேடிச் செல்லும் முறை தாயோடும் சேயோடும் நின்றுவிட்டது. உழைப்போரை ஈன்று வளர்க்கும் வயதுக்கு ஒரு முறையும், உழைத்து ஓய்ந்த வயதுக்கு வேறொரு முறையும் வகுக்கப்பட்டிருப்பது தற்செயலானதன்று.

இனி இக்கட்டுரையின் முதன்மையான கருத்துக்கு வருவோம். கொழும்புத் தமிழரின் கதவைத் தட்டிய பதிவேடு ஒன்றன்று, இரண்டு. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததெனப் பலராலும் பதியப்பட்டுள்ளது. அதன்பின் யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழர் தம் வீட்டில் இருப்போரைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. யார், எவ்வூர், எதற்காக வந்தார், எத்தனை நாள் என்பன கேட்கப்பட்டன. 2007 ஜூன் 7ஆந் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மருத்துவமாதும் ஏறத்தாழ இதே வினாக்களையே கேட்கின்றாள்: பெயர் என்ன, வயதென்ன, கணவன் எங்கே, எப்போது வந்தீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள். ஒரே வினா ஓரிடத்தில் தாய் அரசிடம் பெறவேண்டியதைக் குறிக்கின்றது. மற்றோரிடத்தில் அரசு அவள்மீது கொண்ட ஐயத்தைக் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டைத் தாய் உணர்ந்து கதவைத் திறப்பதிலேயே எல்லாச் சுகாதாரப் பணியும் தங்கியுள்ளது. மாதாமாதம் அதே மிஸ்ஸி வருதல், பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருத்தல், எழுதியதைத் தாயின் கையிலுள்ள கொப்பியிலும் எழுதிக் கொடுத்தல் ஆகியனவே அவ்வேறுபாட்டை நிலைநிறுத்தின. 

கொவிட் காலத்தில் இரு பதிவேடுகளும் ஒன்றாயின. 2020இல் நோயாளியோடு தொடர்புகொண்டோரைத் தேடும் பணியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு படையினரும் புலனாய்வுப் பிரிவினரும் ஈடுபடுத்தப்பட்டனர். அவ்வாண்டு ஒற்றோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய பகுதிகள் ஊரடங்கின்கீழ் வந்தன. இறந்தோரின் உடல்கள் யாவும், அடக்கம் செய்யும் சமயத்தாருடையவையும் உட்பட, எரிக்கப்பட்டன. 2021இலேயே அடக்கத்துக்கு இடமளிக்கப்பட்டது. காய்ச்சல் கண்டோர் அதை மறைத்தமைக்கு மக்களின் பொறுப்பின்மையைக் குற்றங்கூறினோர் பலர். சுகாதார ஊழியரின் பின்னால் சீருடை நிற்கக் கண்ட மக்கள் கதவைச் சாத்தியது அவர்தம் வரலாற்று அனுபவத்துக்கு ஏற்ற செயலே.

மொழியும் இதனோடு சேர்ந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை 1987ஆம், 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் எழுத்தளவில் ஈடுசெய்தன. தமிழில் அச்சிட்ட பிள்ளைப் பதிவேடும் உண்டு. அதனுள் வைத்தியர் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலம். மிஸ்ஸி பேசுவது பல இடங்களில் சிங்களம். கொழும்புத் தாய்மார் மும்மொழியும் கலந்த ஒரு பேச்சால் சமாளிக்கின்றனர். தடுப்பூசி நாளைக் கூற அது போதும். பிள்ளை பிறந்தபின் காரணமின்றி அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண், தன் மனத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைக் கடன்வாங்கிய மொழியில் கூறவியலாது. ஆதலின் 'ஒன்றுமில்லை மிஸ்' என்கிறாள். ஒன்றுமில்லை என்றே எழுதப்படுகின்றது.

பிறநாட்டு அனுபவத்தோடு ஒப்பிடுகையில் ஒன்று தெளிவாகும். 1968 முதல் உலகப் புகழ்பெற்ற சீனத்தின் வெறுங்கால் வைத்தியர் கம்யூன்களோடு எழுந்து, 1980களில் அவை கலைந்தபோது மறைந்தனர். இந்தியாவில் 2005இல் தொடங்கிய ஆஷா திட்டம் ஊழியப் பெண்ணைத் தொண்டர் எனப் பெயரிட்டது. தொண்டருக்குச் சம்பளமில்லை, மதிப்பூதியமே உண்டு. கேரளத்து ஆஷாக்கள் 2025 பெப்ரவரியில் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் பெற்றது மாதம் 7,000 ரூபா, கேட்டது 21,000. தொண்டு என்ற உயர்ந்த சொல் இங்கே கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று. இலங்கை மருத்துவமாது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய அரச ஊழியராயிருத்தல் சிறு வேறுபாடன்று. மருத்துவிச்சியின் தானியக் கூலியிலிருந்து அவளை மீட்டது அதுவே. 2022இன் பின்னர் அச்சம்பளத்தின் வாங்கும் சக்தி வீழ்ந்துவிட்டது. சுகாதாரத் துறையினர் பலர் வெளிநாடு செல்கின்றனர். அரச செலவைக் குறைக்க வேண்டுமென அறிவுரை கூறுவோரின் கண்ணில் முதலிற் படுவது இத்தகைய களப் பதவிகளே.

வடகொழும்பில் தோட்டங்கள் வெறுமையாக்கப்பட்டு, 2010களில் மெத்சர உயன, முவதொர உயன போன்ற உயர்மாடிகளுக்கு மக்கள் குடிபெயர்க்கப்பட்டனர். முன்னர் ஓர் ஒழுங்கையில் அரைநாளில் முப்பது வீடுகளின் வாசலில் நின்று பேசிய மருத்துவமாது இப்பொழுது மின்தூக்கி பழுதான நாட்களில் பத்தாம் மாடிக்குப் படியேறுகின்றாள். தோட்டத்தில் ஒரு பெண் கருவுற்றால் குழாயடியில் அது தெரிந்துவிடும். அயலவள் மிஸ்ஸியிடம் கூறுவாள். பூட்டிய கதவுகளின் வரிசையில் அச்செய்தியைத் தர எவருமில்லை. வாடகைக்கு வந்து ஆறு மாதத்தில் மாறிச்செல்லும் குடும்பங்களின் பெயர்கள் ஒரு பகுதியின் பதிவேட்டில் வெட்டப்பட்டு, மற்றப் பகுதியின் பதிவேட்டில் ஏறாமலே கிடக்கின்றன.